கடிகாரத்தைக் கழற்றத் தெரிந்த மனிதர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்படி எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ அங்கே உட்கார்ந்து அழுவாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன், கை கால் ஓடுகிறது, அது போதும். போன வாரம் போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை கண்ணு. நம் வீட்டில் ஓர் அறையில் பேசினால் மறு அறையில் பதில் வரும், உன் அப்பா கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார், அவர் காதில் விழ நான் என்னத்தைச் சொல்ல. பிரசவத்துக்கு நீ மட்டும் வா, அப்பா வர வேண்டாம், குடிக்கிறவர் இருக்கிற வீட்டில் என் பிள்ளை கண் திறக்கக் கூடாது என்றாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம், ஆனால் பதிலைக் கடைசியில்தான் சொல்வேன், முதலில் நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்க்க வேண்டும். சலவைக்கடையில் மத்தியான ஓய்வில், துவைக்காத மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு அவர் குடித்த குடி உனக்குத் தெரியாது, நீ பார்த்தது அதில் கால்வாசிகூட இல்லை. கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டில், அவர் கடையில் பழுதுக்கு வந்த ஸ்பீக்கர் பெட்டிக்குள் பாட்டில், உன் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் பாட்டில், நான் மோப்பம் பிடித்துப் பிடித்துச் சாக்கடையில் கொட்டினேன், கொட்டிவிட்டு நிமிர்ந்தால் அடுத்தது வேறெங்காவது இருக்கும். குடியை நிறுத்த வைக்கிற வார்டில் மூன்று முறை சேர்த்தோம். மூன்றாம் முறை அங்கிருந்த நர்ஸ் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தாழ்வாரத்தைக் காட்டினாள். அங்கே சுவரில் கை சுத்தம் செய்கிற ஜெல் குப்பி மாட்டியிருக்கும் அல்லவா, உன் அப்பா சுவரோடு ஒட்டி நின்று அதை உள்ளங்கையில் பிதுக்கி நக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு நிறுத்தவில்லை, இன்னொரு தரம் பிதுக்கினார். ஊரார் துணியில் இருக்கிற எச்சிலும் வாந்தியும் ரத்தமும் தொட்டுத் தொட்டுப் பழகிய கை என்னுடையது, எனக்கு எதிலும் குமட்டாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்று குமட்டியது. பரிதாபம் வந்தது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய், வரவில்லை, அருவருப்புதான் வந்தது, இந்த ஆளோடா ஒரே கட்டிலில் படுத்தேன் என்று இருந்தது.

அப்போதுதான் மூளை டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். மூளைக்குள் ஆழத்தில் வேண்டும் வேண்டும் என்று நச்சரிக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம், மண்டையில் இரண்டு சின்னத் துளை போட்டு முடி மாதிரி மெல்லிய கம்பியை அதுவரை இறக்கிவிடுவார்களாம், கம்பியின் மறு முனையைத் தோலுக்கு அடியிலேயே காதுக்குப் பின்னால் கழுத்து வழியாகக் கொண்டு வந்து இடது காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சில், ஒரு சின்ன மின்பெட்டியில் கொடுப்பார்களாம். பெட்டி இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சம் மின்சாரம் அனுப்ப, அந்த நச்சரிப்பு அடங்குமாம். இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, செய்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான், சிலருக்குக் கேட்டது சிலருக்குக் கேட்கவில்லை, நான் உத்தரவாதம் தர மாட்டேன் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார், அது எனக்குப் பிடித்தது. ஆசை அடங்குமா இல்ல ஆளே அடங்கிடுவாரா டாக்டர் என்று கேட்டேன், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அத்தை சும்மா இருப்பாளா, எங்க அண்ணன் தலையில கம்பி விடுறதுக்குப் பதிலா நீ உன் வாயை அடக்கினா அவன் எப்பவோ குடிய விட்டிருப்பான் என்று டாக்டர் காதுபடவே சொன்னாள். நாத்தனார் என்றால் அதற்கென்றே ஒரு நாக்கு முளைக்கும்போல. உன் அப்பாதான் கடைசியில் பண்ணிடுங்க, எனக்கே என்னைப் பாக்க சகிக்கல என்றார்.

ஆபரேஷன் அன்று தலையை மழுங்கச் சிரைத்து, மண்டையைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள், திருகாணி இறங்கிய இடத்தில் மஞ்சள் மருந்து வழிந்து காய்ந்திருந்தது, நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கம்பியை இறக்கும்போது ஆளை விழித்திருக்க வைத்துத்தான் செய்தார்களாம், மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு என்ன தெரியுது சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார்கள், அதற்கு உன் அப்பா, ஆம்ப்ளிஃபயர்ல கொய்யுனு இரைச்சல் வரும்ல, எர்த் வயரைக் கொடுத்ததும் டக்குனு நிக்கும்ல, அந்த மாதிரி நின்னுடுச்சு என்றாராம். ஸ்பீக்கர் ரிப்பேர்காரர் மண்டையைத் திறந்தாலும் உள்ளே ஸ்பீக்கர்தான் இருக்கும். டாக்டர் இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் அவர் இருந்த இருப்பை நீ நம்ப மாட்டாய். குடி வாடையே இல்லை, நேரத்துக்குச் சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். ஒருநாள் தண்ணீர் கொடுத்தேன், நன்றிம்மா என்றார். கண்ணு, எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து வராத வார்த்தையை ஒரு பேட்டரி வரவழைக்கிறது என்றால் நான் என்ன மனுஷி. அந்தப் பெட்டி வேறு, சட்டையைக் கழற்றினால் தோலுக்கு அடியில் சோப்புக்கட்டி வைத்துத் தைத்த மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும், கையைத் தூக்கினால் அதுவும் நகரும், காதுக்குப் பின்னால் கம்பி நரம்பு மாதிரி தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதன் மேல் வட்டமான சார்ஜரை வைத்துப் பட்டை கட்டி, பச்சை விளக்கு வரும்வரை உட்கார வைக்க வேண்டும், அவருக்குக் கை நடுங்குகிறது என்று அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கட்டுவேன். இருந்தாலும் நல்லது நடக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்புறம் கடையைத் திறக்கிறேன் என்றார், டாக்டரும் போகச் சொன்னார், பக்கத்துச் சாவிக்கடைக்காரர் ஒரு கண் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடைக்குப் போன வாரமே ஆள் மாறிவிட்டார். ஒருநாள் வந்தால் நன்றிம்மா, மறுநாள் வந்தால் முகம் வெளிறி, நகத்தைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் நடை. அடுத்த நாள் பழையபடி சாது. பெட்டி வேலை செய்யல, எனக்கு மறுபடி இரைச்சல் கேக்குது என்று என்னிடம் சொன்னார். நான் சார்ஜரை எடுத்து வைத்துப் பார்த்தேன், பச்சை விளக்கு அழகாக எரிந்தது, பெட்டி நல்லாத்தான் இருக்கு நீங்கதான் சரியில்ல என்றேன். அது பேட்டரி நிறைந்திருக்கிறது என்று காட்டுகிற பச்சையாம், மின்சாரம் ஓடுகிறது என்று காட்டுகிற பச்சை இல்லையாம், எனக்கு யார் சொன்னார்கள். நல்லவனாகவும் நடிக்கிறார் கெட்டவனாகவும் நடிக்கிறார், மூளையில் கம்பி போட்டாலும் இந்த மனிதர் தன் வேலையைக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் படியேறி வரும்போதே வாடை வந்தது. கதவைத் திறந்தால், நான் துவைத்து மடிக்க வைத்திருந்த துணிக் கூடைக்குள் முகத்தைக் கவிழ்த்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார், உன் பிள்ளைக்கென்று நான் வாங்கி ஒரு தண்ணீர் அலசிக் காயவைத்த சின்னச் சின்னத் துணிகள் அந்தக் கூடையில்தான் இருந்தன. கூடையோடு தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டேன். வந்து கட்டிலுக்கடியில் இருந்து சூட்கேஸை இழுத்து என் துணியை எல்லாம் அடுக்கினேன். பெட்டி நின்னு போச்சு, சத்தியமா நின்னு போச்சு என்று அவர் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூட்கேஸை மூடினேன், மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. இந்த ஆளை இந்த நிலைமையில் விட்டுப் போனால் வாந்தியில் மூச்சு முட்டிச் சாவார், அந்தப் பயம்தான், வேறொன்றும் இல்லை.

அந்த வாரம்தான் பெட்டியைச் சரிபார்க்கப் போகிற முறை. இவரை வெச்சுக்கிட்டு இனிமே என்னால ஆகாது என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூடப் போனேன். அங்கே சரிபார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள், அவர் சட்டைக்கு மேல் தட்டையாக ஒரு கருவியை வைத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பார்த்தவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இதை யாரு அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போடுறது என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் தேதி தேதியாகப் பதிவாகியிருந்ததைக் காட்டினாள். கடை திறக்கிற நாளெல்லாம் பெட்டி நின்றிருக்கிறது, மறுபடி ஓடியிருக்கிறது, மறுபடி நின்றிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றும் இல்லை. இந்தப் பெட்டி மேல காந்தம் பட்டா நிக்கும், மறுபடி பட்டா ஓடும், காந்தம் பக்கத்துல போகாதீங்கன்னு சொல்லித்தானே அனுப்பினோம், நீங்க என்ன வேலை பாக்கறீங்க என்று கேட்டாள். ஸ்பீக்கர் ரிப்பேர் என்றார். எப்படிப் பண்ணுவீங்க என்றாள். உன் அப்பா என் மடியிலிருந்த கைப்பையை வாங்கி, குழந்தையை அணைக்கிற மாதிரி இடது நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்பீக்கரின் கிழிந்த காகிதக் கோனைச் சுரண்டி எடுக்கிற மாதிரி காட்டினார். மேஜையில் வைத்தால் ஸ்பீக்கரின் பின்னால் இருக்கிற காந்தம் அங்கே கிடக்கிற திருகாணி, இரும்புத்தூள் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும், அதனால் நெஞ்சில் வைத்துத்தான் செய்வார், நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதானே. அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். நீங்க சொன்னது ஸ்கேன் மெஷின் காந்தம்னு நெனச்சேன் என்றார் அவர். ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா சார் என்று அவள் கேட்க, தெரியாம என்னம்மா, அதனாலதான தெனமும் வாட்சைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உட்காருறேன், காந்தம் பட்டா வாட்ச் நின்னுடும்ல என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகை வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். கடிகாரத்தைக் கழற்றத் தெரிந்த மனிதருக்கு நெஞ்சுக்குள் இருப்பதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கத் தெரியவில்லை. அவர் சட்டைகளில் இடது நெஞ்சில் எப்போதும் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும், இரும்புத்தூள் கறை, எந்தச் சோப்புக்கும் போகாது, அதைத் தேய்த்துத் தேய்த்தே என் விரல் தேய்ந்தது, பெட்டி அதற்கு நேர் உள்ளேதான் இருக்கிறது, எனக்கும்தான் உறைக்கவில்லை. அந்தப் பெண் ஏதோ அழுத்தி மறுபடி ஓடவிட்டாள், காந்தத்தை ஒரு முழத்துக்கு உள்ளே வரவிடாதீங்க என்று கையால் அளந்து காட்டினாள். உன் அப்பா தலையைத் தூக்கி, அப்ப நான் பொய் சொல்லல என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

இது தெரிந்ததும் உன் அத்தை ஓடி வந்தாள். பாவம் எங்க அண்ணன், பெட்டி நின்னுபோச்சு பெட்டி நின்னுபோச்சுன்னு கதறியிருக்கான், நீ நம்பலையே, அவன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளு என்று மூக்கைச் சிந்தினாள். வந்ததே எனக்கு. பெட்டி நின்னு நின்னு ஓடினது இந்தக் கொஞ்ச நாள்தான், அதுக்கு முன்னாடி குடிச்ச வருஷமெல்லாம் அவர் நெஞ்சுல எந்தக் காந்தம் ஒட்டியிருந்துச்சு என்று கேட்டேன். என் பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி வீட்டார் செருப்புல வாந்தி எடுத்தப்ப எந்தக் காந்தம். மன்னிப்பு நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அது வியாதி என்று டாக்டர் சொன்னார், நம்புகிறேன், வியாதி என்று தெரிந்ததும் பட்ட அசிங்கமெல்லாம் துவைத்த மாதிரி போய்விடாது. சில கறை போகாது, துணியை அப்படியே போட்டுக்கொள்ள வேண்டியதுதான், இல்லையென்றால் தூக்கி எறிய வேண்டியதுதான். நான் இரண்டும் செய்யாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அவரைச் சொல்ல வேண்டுமானால், யாரும் சொல்லாமலே மரத்தில் ஒரு தாங்கி செய்துகொண்டார், இரும்பு கூடாது என்று பித்தளைத் திருகாணியாகப் பார்த்துப் போட்டு, ஸ்பீக்கரை அதில் நிறுத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டி வேலை செய்கிறார், அடுத்தவர் குழந்தை மூத்திரம் பெய்துவிட்டால் எட்டப் பிடித்துத் தூக்குவார்களே அந்த லட்சணம். சாவிக்கடைக்காரர் ஒரு முழக் கோலை ஒடித்துக் கொடுத்து அளந்து அளந்து பார்த்துக் கிண்டல் செய்கிறாராம். குடிக்கவில்லை. நான் வாயை முகர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன், சட்டையைத்தான் பார்க்கிறேன், பழைய வட்டம் கிடக்கிற இடத்தில் புதுத் தூள் ஏறவில்லை. டாக்டர் இப்போதும் உத்தரவாதம் இல்லை என்றுதான் சொல்கிறார், நானும் யாருக்கும் உத்தரவாதம் தர மாட்டேன்.

இனி உன் பதிலுக்கு வருகிறேன். நான் வருகிறேன், தனியாகத்தான் வருகிறேன். ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக இல்லை. அவர் கெட்டுக் கிடந்தபோதுதான் என்னால் நகர முடியவில்லை, சூட்கேஸை அடுக்கி அதன் மேலேயே உட்கார்ந்தேன், இப்போது அவர் ஒழுங்காக இருக்கிறார், அதனால்தான் கிளம்புகிறேன், இது உனக்குத் தலைகீழாகத் தெரியலாம். போன ஞாயிறு சார்ஜரை அவர் கையில் கொடுத்து, நீங்களே கட்டிக்கோங்க என்றேன். நீ போயிட்டா இதை யாரு பாத்துக்குவா என்று கேட்டார். அது உங்க பெட்டி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன், நடுங்குகிற கையால் நாலைந்து தரம் நழுவவிட்டு, கடைசியில் பட்டையைப் பல்லால் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டார். கண்ணு, அந்தப் பெட்டி பார்க்கிற வேலையை இருபத்தெட்டு வருடம் நான் பார்த்தேன், இரவு பகலாக, நிறுத்தாமல். எனக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் சார்ஜ் போடவில்லை. இனி அது பார்க்கட்டும். நேற்றுச் சூட்கேஸை வெளியே இழுத்தேன், ஆட்டம் கண்டு கிடந்த சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது, எண்ணெய் போட்டுப் புது ஆணி அடித்திருக்கிறார்.

பிள்ளைக்கு வேறு துணி வாங்கி அலசி என் கைப்பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், யார் கைக்கும் எட்டாது. கனமானது எதையும் தூக்காதே, ஈரத் தரையில் செருப்பில்லாமல் நடக்காதே, மாப்பிள்ளையை அதிகம் விரட்டாதே, என்னை அழைக்க மாப்பிள்ளை வந்தால் போதும், நீ நிற்க வேண்டாம். நல்லபடியாகப் பெற்று, தாயும் பிள்ளையும் தீர்க்காயுசாக, ஒரு அசிங்கமும் கண்ணில் படாமல் வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகத்தில் வை. நான் அங்கே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்கும், கட்டிக்கிட்டேன், பச்சை வந்துடுச்சு என்று சொல்லத்தான் அப்பா அடிப்பார். நான் குளியலறையில் இருந்தால் நீதான் எடுக்க வேண்டியிருக்கும். பேசு என்று சொல்ல மாட்டேன், அது உன் இஷ்டம். வைப்பதாக இருந்தால், வைக்கிறேன்ப்பா என்று சொல்லிவிட்டு வை.

இப்படிக்கு,
உன் அம்மா